பெட்டியில் பழம், பழத்தில் ஈ

மே மாதத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து யாராவது அமெரிக்கா கிளம்பினால், பெட்டி கட்டும் இடத்தில் ஒரு வாக்குவாதம் தவறாமல் நடக்கும். அத்தை ஒரு டஜன் இமாம்பசந்த் மாம்பழங்களைச் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, புடவைகளுக்கு நடுவே செருகுவார். "அங்க விடமாட்டாங்க அத்தை" என்றால், "போன தடவை செக்யூரிட்டியில ஒண்ணும் கேக்கலையே, நீ சும்மா இரு" என்பார். அத்தை சொல்வது பொய்யில்லை. சென்னையில் ஸ்கேனர் பெட்டியை விடத்தான் செய்தது. பழம் பறிபோனது இறங்கிய ஊரில்.

விமானத்தில் பழம் கொண்டுபோகலாமா என்று கேட்பவருக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஒரு பழம் மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் இருப்பவர் பார்ப்பது, இது ஆபத்தான பொருளா, திரவமா என்று. விமான நிறுவனம் பார்ப்பது, நாறுமா, ஒழுகுமா, தீப்பிடிக்குமா என்று. இறங்கும் நாட்டின் குவாரண்டைன் பிரிவு பார்ப்பது, இதற்குள் என்ன உயிர் ஒளிந்திருக்கிறது என்று. மூவரும் வேறு வேறு சட்டத்தின் ஆட்கள். ஒருவர் தலையசைத்ததற்கு மற்றவர் பொறுப்பில்லை. முதல் வாசலில் கிடைத்த தலையசைப்பை மூன்றாவது வாசலுக்குமான அனுமதியாக எடுத்துக்கொள்வதில்தான் அத்தை மாதிரிப் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் வாசலைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 2006 ஆகஸ்ட்டில், லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி அம்பலமானது. கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி அதன் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. முழுப் பழம் திடப்பொருள் என்பதால் இந்த விதியில் சிக்காது. அதையே கூழாக்கி டப்பாவில் அடைத்தால் திரவக் கணக்கு. ஜாமும் அப்படித்தான். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஏறுபவரை யாரும் நிறுத்தப் போவதில்லை.

இரண்டாவது வாசலில் பெயர்போன குற்றவாளி டுரியான். மூடிய அறைக்குள் அதன் வாசனையைத் தாங்குவது பழகாதவர்களுக்குக் கஷ்டம். தென்கிழக்கு ஆசிய விமான நிறுவனங்கள் பல அதைப் பயணிகள் அறைக்குள் விடுவதில்லை. சரக்கு அறையில் போட்டாலும் பிரச்சினைதான். 2018 நவம்பரில் இந்தோனேசியாவின் பெங்குலுவிலிருந்து ஜகார்த்தா போகவிருந்த ஒரு விமானத்தின் அடிவயிற்றில் சுமார் 2 டன் டுரியான் ஏற்றியிருந்தார்கள். வாசனை மேலே வர, பயணிகள் கீழே இறங்கிவிட்டார்கள். மூட்டைகளை இறக்கிய பிறகே விமானம் கிளம்பியது.

நமக்கு இந்த வாசலில் தலைவலி தருவது டுரியான் இல்லை, தேங்காய். கொப்பரை என்றால் பேச்சுக்கே இடமில்லை. ஆபத்தான சரக்குகளின் உலகப் பட்டியலில் அதற்குத் தனி எண்ணே உண்டு: யூஎன் 1363. தானாகத் தீப்பிடிக்கக்கூடிய பொருள்களின் வகுப்பில் அது இருக்கிறது. சரியாகக் காயாத கொப்பரையைக் குவித்து வைத்தால் பூஞ்சை பிடித்து, எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து, குவியல் உள்ளுக்குள்ளேயே சூடேறும். கொப்பரைக் களத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. முழுத் தேங்காய்க்கும் இந்திய விமானங்களின் கைப்பையில் இடமில்லாமல்தான் இருந்தது. அங்கேதான் இருமுடி குறுக்கே வந்தது. தண்ணீரை வடித்துவிட்டு நெய் நிரப்பிய தேங்காயைத் தலையில் சுமந்து விரதம் காப்பவர், அதைப் பெட்டியோடு பெட்டியாகப் பட்டையில் போட்டு அனுப்பச் சம்மதிப்பாரா? 2024 அக்டோபரில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் இறங்கிவந்தது. சபரிமலைப் பருவத்துக்காக, 2025 ஜனவரி 20 வரை, இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோகலாம் என்றது. எக்ஸ்ரே, வெடிமருந்துத் தடயச் சோதனை, கைச் சோதனை மூன்றும் உண்டு என்றும் சொன்னது. விதி என்பது கல்லில் வெட்டியது என்று நினைப்பவர்கள் இந்தத் தேங்காயை நினைத்துக்கொள்ளலாம். கேட்கிற ஆள் கேட்டால், காரணமும் சரியாக இருந்தால், அது நகரும்.

மூன்றாவது வாசல் அவ்வளவு எளிதில் நகராது. ஏன் என்று தெரிய ஒரு மாம்பழத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நன்றாகப் பழுத்த பங்கனபள்ளி ஒன்று. தோலில் ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி, அதன் ஓரத்தில் கசிந்து காய்ந்த பிசுக்கு. கட்டைவிரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் குழைகிறது. பெண் பழ ஈ தன் வால்முனை ஊசியைத் தோலுக்கடியில் செருகி முட்டை வைத்த இடம் அது. நறுக்கினால் சதைக்குள் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள். தட்டில் விழுந்ததும் ஒன்று உடலை வளைத்து, வால் நுனியை வாயால் கவ்வி, சட்டென்று விடுகிறது. தட்டைத் தாண்டித் துள்ளி விழுகிறது. அந்தத் துள்ளல் வேடிக்கைக்கு இல்லை. வளர்ந்து முடித்த புழு பழத்தை விட்டு வெளியேறி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாக வேண்டும். நாம் முகம் சுளித்து அழுகல் பகுதியைத் தோட்டத்தில் எறிகிறோமே, அது விரும்புவதும் அதைத்தான். ஓரிரு வாரத்தில் மண்ணிலிருந்து ஈ பறந்துபோகும். கீழை நாட்டுப் பழ ஈ எனப்படும் பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ் வகையில் ஒரு பெண் தன் வாழ்நாளில் ஆயிரம் முட்டைக்கு மேல் வைக்கும்.

இந்தப் புள்ளியாவது கண்ணுக்குத் தெரியும். மாங்கொட்டைக் கூன்வண்டு அதையும் விட்டுவைப்பதில்லை. காய் பிஞ்சாக இருக்கும்போதே தோலின்மேல் முட்டை வைத்துவிடுகிறது. பொரித்த புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போய்விடும். காய் பெருக்கப் பெருக்கத் துளைத்த வழி தூர்ந்துபோகும். கொட்டையை உடைத்தபோது உள்ளிருந்து கறுப்பு வண்டு நடந்து வருவதைப் பார்த்து, "இது எப்படிடா உள்ள போச்சு?" என்று வாய்பிளக்காத கிராமத்துப் பிள்ளை உண்டா? "நல்ல பழம் சார், எங்க தோட்டத்துப் பழம்" என்று நாம் சொல்லும்போது அதிகாரி அசையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். வெளியே பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமே இல்லை இது.

இந்த இரண்டு பூச்சிகளால்தான் இந்திய மாம்பழத்துக்கு அமெரிக்கச் சந்தை 1989 முதல் 2007 வரை அடைபட்டுக் கிடந்தது. ஜப்பான் 1986இல் மூடிய கதவை 2006இல் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம், 2013இல் இந்தியாவிலிருந்து வந்த 207 சரக்குகளில் பூச்சிகள் பிடிபட்டதைச் சொல்லி, 2014 மே முதல் மாம்பழத்தோடு கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் நிறுத்தியது. மாம்பழத் தடையை மட்டும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நீக்கியது. அமெரிக்கா திறந்தபோது போட்ட நிபந்தனை, ஒவ்வொரு பெட்டியையும் 400 கிரே அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்த வேண்டும் என்பது. அந்த அளவில் பூச்சி அங்கேயே சாகாவிட்டாலும் அதன் வம்சம் வளராது. அமெரிக்காவுக்குப் போகும் மெக்சிகோ மாம்பழங்கள் 46.1 டிகிரி வெந்நீரில், எடையைப் பொறுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் மூழ்கி எழுகின்றன. நியூ ஜெர்சி இந்தியக் கடையில் அடுக்கியிருக்கும் அல்போன்ஸாவைப் பார்த்து, "இதை மட்டும் விக்கலாமாம், நான் கொண்டுவந்ததைப் புடுங்கிக்கிட்டான்" என்று குமுறும் மாமாக்களை எனக்குத் தெரியும். கடையில் இருப்பது சிகிச்சை முடித்து, சான்றிதழோடு, முத்திரையிட்ட பெட்டியில் வந்த பழம். மாமாவுடையது புடவைக்குள் வந்தது.

குவாரண்டைன் அதிகாரிகளின் இந்தப் பயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் முதல் அத்தியாயங்களில் ஒன்று நமக்கு மிக அருகில் நடந்தது. 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தென்பட்டது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள், பிறகு இலை உதிரும், பிறகு செடி. இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தீவின் காப்பித் தொழிலே படுத்துவிட்டது. தோட்ட முதலாளிகள் தேயிலைக்கு மாறினார்கள். காப்பிப் பருவத்துக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த தமிழ்க் கூலிகள், ஆண்டு முழுக்கக் கொழுந்து கிள்ள வேண்டிய தேயிலையோடு மலையிலேயே தங்க வேண்டியதாயிற்று. மலையகத்தின் கதையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சைக்கும் பங்குண்டு. அதே காலத்தில் அமெரிக்காவிலிருந்து போன ஃபிலாக்செரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க 1878இல் பெர்ன் நகரில் சில நாடுகள் செய்த உடன்படிக்கைதான் பயிர்ப் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச ஒப்பந்தம். அமெரிக்காவின் தாவரக் குவாரண்டைன் சட்டம் 1912இலும், இந்தியாவில் ஆங்கிலேயர் கொண்டுவந்த பூச்சிகள் சட்டம் 1914இலும் வந்தன. இன்று எல்லா நாட்டு விதிகளுக்கும் அடித்தளமாக இருக்கும் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை 1951இல் கையெழுத்தானது. கப்பல் வாரக்கணக்கில் வந்தபோது பாதிப் பூச்சி வழியிலேயே செத்தது. விமானம் அந்த வசதியைக் கெடுத்துவிட்டது. இன்று காலை பறித்த பழம் நாளைக்குக் கண்டம் தாண்டி வேறொரு தோட்டத்தருகே நறுக்கப்படுகிறது.

ஓர் ஈ உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதைக் கலிஃபோர்னியா பட்டுத் தெரிந்துகொண்டது. 1980 ஜூனில் அங்கே பொறிகளில் மத்தியதரைக்கடல் பழ ஈ சிக்கியது. மறு ஆண்டு ஜூலையில் ஹெலிகாப்டர்கள் வீடுகள் இருக்கும் தெருக்களுக்கு மேலேயே மாலத்தியான் தெளித்தன. ஆளுநர் ஜெரி பிரவுன் முதலில் மறுத்து, பிறகு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். மருந்து பாதுகாப்பானது என்று காட்ட, அவருடைய அதிகாரியான பி. டி. காலின்ஸ் நீர்த்த மாலத்தியானை எல்லோர் முன்னிலையிலும் குடித்துக் காட்டினார். (நம் ஊரில் மாலத்தியான் டப்பாவை எந்த அலமாரியில் ஒளித்து வைப்போம் என்று நினைத்துக்கொண்டால் இந்த வீரத்தின் அளவு புரியும்.) ஈ ஒழிந்தது என்று அறிவிக்க 1982 ஆயிற்று. 2015 பிப்ரவரியில் நியூசிலாந்தில், ஆக்லாந்தின் கிரே லின் பகுதியில் ஒரு பொறியில் ஒரே ஓர் ஆண் குயின்ஸ்லாந்து பழ ஈ விழுந்தது. சுற்றுவட்டாரத்து மக்கள் வீட்டுப் பழங்களை எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாடு அந்த ஆண்டுக் கடைசி வரை நீடித்தது. 2024 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் ரெட்லண்ட்ஸ் நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் மரங்களிலிருந்து பழங்களை அரசாங்கமே பறித்து அகற்றியது. இந்த ஊர்களுக்கு ஈ யார் பெட்டியில் வந்தது என்று சொல்ல யாராலும் முடியாது. விதி எல்லோர் பெட்டியையும் ஒரே கண்ணால் பார்ப்பதற்குக் காரணமும் அதுதான்.

ஒவ்வொரு நாடும் விதியை எவ்வளவு இறுக்குகிறது என்பது அதற்கு இழக்க என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சொல்லிக்கொள்ளும்படி தோட்டங்களே இல்லாத சிங்கப்பூர், சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் பழம் கொண்டுவருபவரைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பழ ஏற்றுமதியில் வாழும் நியூசிலாந்தில், சொல்லாமல் கொண்டுவந்த ஓர் ஆப்பிளுக்கு அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அதற்கு முன்பே, நடைபாதையில், தயங்குபவர்கள் போட்டுவிட்டுப் போகக் குப்பைத் தொட்டிகளும் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2019 டிசம்பர் 14 முதல் ஐந்து பழங்களுக்கு மட்டும் சான்றிதழ் கேட்பதில்லை: அன்னாசி, வாழை, தேங்காய், டுரியான், பேரீச்சை. பல விமானங்கள் உள்ளே சேர்க்காத டுரியானுக்கு ஐரோப்பாவின் வாசல் திறந்திருப்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மற்றபடி ஒரு கொய்யா என்றாலும் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். சில சமயம் காரணம் பூச்சியாகக்கூட இருக்காது. 2018இல் கேரளத்தில் நிபா பரவியபோது ஐக்கிய அரபு அமீரகமும் குவைத்தும் அங்கிருந்து வரும் பழங்களையே நிறுத்திவைத்தன. பழந்தின்னி வௌவால் கடித்த பழம் வந்துவிடுமோ என்ற பயம்.

நாட்டுக்குள்ளேயே பறந்தாலும் தப்பிக்க முடியாத இடங்கள் உண்டு. ஹவாயிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போகும் பெட்டிகளை விவசாயத் துறை புறப்படும் இடத்திலேயே சோதிக்கிறது. அன்னாசி போகலாம், மாம்பழம் கூடாது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் உள்நாட்டுப் பயணியையும் நாய் வந்து மோப்பம் பிடிக்கும்.

நாய் என்றதும் பீகிள் நினைவுக்கு வருகிறது. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் அமெரிக்க விவசாயத் துறை இவற்றை இறக்கியது. பெரிய நாய் என்றால் பயணிகள் பயப்படுவார்கள், பீகிள் என்றால் குழந்தைகள் கொஞ்ச வருவார்கள் என்பதால் அந்த இனம். ஆரம்பப் பயிற்சியில் ஐந்து வாசனைகளைக் கற்றுத் தருகிறார்கள்: ஆப்பிள், எலுமிச்சை வகை, மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, அப்புறம் மாம்பழம். பிடித்துவிட்டால் குரைப்பதில்லை, பெட்டிக்குப் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்துவிடும். அத்தையின் செய்தித்தாளும் புடவையும் அந்த மூக்கின் முன் எம்மாத்திரம்!

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதை விட, சொன்னால் என்ன ஆகும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் முதல் தடவை, வியாபார அளவில் இல்லாத பழத்தை மறைத்ததற்கு ஆயிரம் டாலர் வரை அபராதம் போடலாம். அதே பழத்தைப் படிவத்தில் எழுதி, அல்லது வாய்விட்டுச் சொல்லி, நீட்டினால் அபராதம் கிடையாது. கூடாத பழம் என்றால் வாங்கிக்கொண்டு அழிப்பார்கள். அனுமதி உள்ளது என்றால் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். நியூசிலாந்திலும் இதேதான். அபராதம் பழத்துக்கு இல்லை, மௌனத்துக்கு.

ஆனால் நம் பெரியவர்களுக்கு அந்தப் படிவமே ஒரு போலீஸ் விசாரணை மாதிரி. 'பழம், செடி, விதை இருக்கிறதா?' என்ற வரிக்கு எதிரே 'ஆம்' என்று டிக் அடித்தால் தனியே கூட்டிப்போவார்கள், ஆங்கிலத்தில் ஏதாவது கேட்பார்கள், பேத்தியின் வளைகாப்புக்கு வந்த விசாவே போய்விடும் என்று பயம். அரசாங்கக் காகிதத்தில் 'இல்லை' என்று எழுதியே பழகிய தலைமுறை. தூக்கக் கலக்கத்தில், இறங்கப் போகும் நேரத்தில், புரியாத உச்சரிப்பில் வரும் ஓர் அறிவிப்பு இந்தப் பயத்தைப் போக்கிவிடாது. அபராத விதி நியாயமானதுதான் என்பது என் கருத்து. அதைச் சொல்லித் தருவதற்கு எடுக்கும் முயற்சிதான் போதாது.

விமான நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. 2018இல் பாரிஸிலிருந்து வந்து டென்வருக்குப் போகவிருந்த ஒரு பெண், விமானத்தில் சிற்றுண்டியாகக் கொடுத்த ஆப்பிளை அடுத்த பயணத்தில் சாப்பிடலாம் என்று பைக்குள் வைத்திருந்தார். சுங்கத்தில் 500 டாலர் அபராதம். பழத்தைக் கொடுத்ததே விமான நிறுவனம். உறையில் அதன் பெயர்கூட இருந்தது. சட்டப்படி குற்றம் அவருடையதுதான், மறுக்கவில்லை. இறங்குவதற்கு முன் பணிப்பெண்கள் காதுக்கருவியைத் திரும்ப வாங்குகிற அக்கறையில் கால்வாசியைப் பழத்துக்குக் காட்டினால், இந்த மாதிரி வழக்குகள் வராது.

பழத்தோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொன்று கறிவேப்பிலை. மாம்பழத்தை விட்டுக்கொடுக்கும் அம்மாக்கள்கூட இதை விடுவதில்லை. டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, ஜிப்லாக் பையில் போட்டு, சாம்பார்பொடிக்கு நடுவே வைத்துவிடுவார்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆசிய சைலிட் என்ற சிறு பூச்சிக்கு அது பிடித்த வீடு. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை மெல்லக் கொல்லும் கிரீனிங் நோயின் கிருமியை மரத்துக்கு மரம் சுமந்துபோவது இந்தப் பூச்சிதான். 2005இல் அந்த நோய் ஃப்ளோரிடாவில் உறுதியானது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலம், 2022-23இல் 1.6 கோடிப் பெட்டிக்கு வந்துவிட்டது. இடையில் வந்த புயல்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றாலும், முதல் குற்றவாளி இந்த நோய்தான். ஒரு கொத்து இலைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு ஃப்ளோரிடா விவசாயி சொல்ல நிறைய வைத்திருப்பார்.

இதையெல்லாம் அயல்நாட்டுக்காரர்களின் கெடுபிடி என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். இந்தியச் சுங்கப் படிவத்திலும் விதை, செடி, பழம், பூ என்று ஒரு வரி இருக்கிறது. அதை நிமிர்ந்து பார்த்து நிரப்பியவர் எத்தனை பேர்? நம் ஊருக்கும் பூச்சி வெளியிலிருந்து வரத்தான் செய்கிறது. 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ தென்பட்டது. மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி அது. ஓலையின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் வட்டங்கள். மேலே கரும்பூஞ்சை படிந்து, தோப்புக்கே புகை போட்டாற்போல ஆனது.

அதற்கு எட்டு ஆண்டு முன்பு, 2008இல், கோவைப் பக்கம் பப்பாளி மரங்களில் மாவு தூவினாற்போல ஒன்று படர்ந்தது. முதலில் சாதாரண மாவுப்பூச்சி என்று நினைத்து மருந்தடித்தார்கள். மருந்துக்கு மசியவில்லை. பப்பாளியிலிருந்து மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று தாவியது. மல்பெரி இலை கெட்டதால் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் தட்டுகளைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பகுதியின் பப்பாளி மாவுப்பூச்சி அது. இங்கே அதை அடக்கக்கூடிய எதிரி எதுவும் இல்லை. எதிரியைத் தேடி அதன் சொந்தப் பக்கத்துக்கே போக வேண்டியிருந்தது. 2010இல் பெங்களூருவில் உள்ள தேசியப் பூச்சி ஆராய்ச்சிப் பணியகம், அமெரிக்க விவசாயத் துறை மூலம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தது. கடுகைவிடச் சிறியது. இறக்குமதி அனுமதி வாங்கி, தனிமையில் வைத்துச் சோதித்து, வேறு எதையும் தின்னாது என்று பார்த்த பிறகே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டது. சில மாதங்களில் மாவு குறையத் தொடங்கியது. மாவுப்பூச்சி எந்தச் செடியில், யார் மூட்டையில், எந்த வாசல் வழியாக வந்தது என்று இன்றுவரை தெரியாது. குளவி வந்த வழிக்கு மட்டும் எல்லாக் காகிதமும் இருக்கிறது.